உங்கள் கைக்கென ஒரு மடக்குக் கத்தி: சொல்லிச் செய்து வாங்குவது எப்படி

என் மேசை டிராயரில் இரண்டு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. இரண்டுமே ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கியவை. முதலாவது பார்க்க அவ்வளவு அழகு. டைட்டானியம் பிடி, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு, பெரிய பெயருள்ள எஃகு. ஆனால் அதை வைத்து ஒரு கொய்யாப்பழத்தை ஒழுங்காக நறுக்க முடியாது. அலகு பாதி இறங்கியதும் பழம் ஆப்பு அடித்த விறகு மாதிரி இரண்டாகப் பிளந்துகொள்ளும். இரண்டாவது கத்தியின் விலை முதலாவதில் பாதிகூட இல்லை. அலகின் முதுகு 2 மில்லிமீட்டர்தான். அதே கொய்யாவை அது தாள் மாதிரி துண்டு போடும். தினமும் என் பையில் இருப்பது இரண்டாவதுதான்.

முதல் கத்தியைச் செய்தவர் நான் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தார். கேட்க வேண்டியது எது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்: கத்தி செய்பவரிடம் என்ன கேட்பது, எந்த வரிசையில் யோசிப்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது.

சொல்லிச் செய்வது நமக்கொன்றும் புதிதில்லை. கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிக்கக் கொடுக்கும்போது "தென்னை மட்டை வெட்ட", "கருவேலம் கழிக்க", "ஆட்டுக்குத் தழை ஒடிக்க" என்று வேலையைத்தான் முதலில் சொல்வார்கள். கனமும் வளைவும் கொல்லர் பொறுப்பு. மடக்குக் கத்திக்கும் இதே வரிசைதான். முதலில் வேலை, அப்புறம் கை, அப்புறம் அலகு. எஃகின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலானவர்கள் எஃகின் பெயரில் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் படி: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன் விலை குறைந்த ஒரு மடக்குக் கத்தியை ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் எண் இதற்கு மிகப் பொருத்தம். 8.5 செ.மீ. அலகு, மரப்பிடி, மெல்லிய எஃகு. 1890இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. இல்லையென்றால் மூடிய நிலையில் 91 மி.மீ. இருக்கும் விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தி. வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால் அதுவே போதும்.

தினமும் என்ன வெட்டினீர்கள் என்று போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். நான் குறித்த மாதத்தில் பாதிக்கு மேல் பார்சல் டேப்பும் அட்டைப்பெட்டியும்தான். அடுத்து பழங்கள். அதற்கப்புறம் சணல் கயிறு, அரிசி மூட்டைத் தையல், பென்சில் சீவல், பிளாஸ்டிக் பட்டை. அந்த மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு 4 மி.மீ. அலகு தேவைப்படவில்லை. ஒரு கையால் படக்கென்று திறக்க வேண்டிய சந்தர்ப்பமும் இரண்டோ மூன்றோதான்.

உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். தோட்ட வேலை செய்பவர், எலெக்ட்ரீஷியன், மீன்பிடிக்கப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் கத்தி மாறும். ஆனால் பட்டியலில் "தற்காப்பு" என்று எழுதத் தோன்றினால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். மடக்குக் கத்தி ஒரு கருவி. அதை ஆயுதமாக நினைத்து வாங்குகிறவர் தப்பான அளவில், தப்பான வடிவில் வாங்குவார். சட்டத்தின் முன்னாலும் தப்பான இடத்தில் போய் நிற்பார்.

இரண்டாம் படி: சட்டம் எங்கே கோடு போடுகிறது

அலகின் நீளமும், திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டும் உங்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. அதனால் இதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பையில் போகும் மடக்குக் கத்தி எதுவும் அந்த நீளத்தை நெருங்காது. ஆனால் டெல்லியில் தனி அறிவிக்கை உண்டு. பட்டனிலோ வேறு இயந்திர அமைப்பிலோ திறந்து மூடும் கத்தியில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் அது சிக்கல். பட்டன் கத்தியை எந்த ஊரிலும் ஆர்டர் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வேலைக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

லண்டனில் இருப்பவர்களுக்கு: பூட்டில்லாத, மடங்கும் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருந்தால் காரணம் சொல்லாமல் பையில் வைக்கலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தடை உண்டு. கனடாவில் பட்டனாலோ கையை வீசியோ தானாகத் திறக்கும் கத்திகள் தடைசெய்யப்பட்டவை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தானாகத் தெரிகிறது: மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அலகு, பூட்டில்லாத அமைப்பு, இரண்டு கையால் நிதானமாகத் திறப்பது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் சங்கடம் தராத கத்தி இதுதான். ஊர் ஊராகப் போகிறவர் இதையே கேளுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்காதீர்கள். சோதனையிடும் இடத்தில் பறிகொடுத்த கத்தி திரும்பி வருவதில்லை. பயணத்துக்கு முந்தின இரவே பையிலிருந்து எடுத்து வைக்கிற பழக்கம் வேண்டும்.

மூன்றாம் படி: கையை அளந்து அட்டையில் ஒரு மாதிரி

ஒரு ஸ்கேலை எடுத்து, நான்கு விரல்களும் சேர்ந்து உள்ளங்கையின் குறுக்கே எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எனக்கு 84 மி.மீ. பிடி அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் நான்கு விரலும் உட்காரும், சுண்டுவிரல் வெளியே தொங்காது. அப்படிப் பார்த்தால் எனக்கு மூடிய நீளம் 95 மி.மீ. அலகு பிடிக்குள் மடங்கி அடங்க வேண்டும் என்பதால் அது தவிர்க்க முடியாமல் 70 அல்லது 72 மி.மீ.க்கு வந்து நிற்கும்.

இப்போது கெட்டியான அட்டையை நான்கைந்து அடுக்காக ஒட்டி, மூடிய கத்தியின் வடிவத்தில் வெட்டுங்கள். தடிமன் 11 அல்லது 12 மி.மீ. வரட்டும். அதை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு நடமாடுங்கள். பேன்ட் பையில் சாவியோடு கிடக்குமா, சட்டைப்பையில் நிற்குமா, உட்காரும்போது இடுப்பில் குத்துமா என்பதை அட்டையே சொல்லிவிடும். நான் வெட்டிய முதல் அட்டை 110 மி.மீ. இருந்தது. பைக்கில் உட்கார்ந்த முதல் நாளே தொடையில் குத்தியது. 15 மி.மீ. குறைத்தேன். காசு கொடுத்த பிறகு அந்த 15 மி.மீ.ஐக் குறைக்க முடியாது.

கிளிப் வேண்டுமா என்பதும் இங்கேயே தீரும். 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடெர்கோ நிறுவனம் கத்தியைப் பையின் விளிம்பில் மாட்டும் கிளிப்போடு கொண்டுவந்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. ஜீன்ஸ் போடுகிறவருக்கு அது வசதிதான். சட்டைப்பையில் வைப்பவருக்கும் வேட்டி கட்டுகிறவருக்கும் கிளிப் தொந்தரவு. துணியைக் கடிக்கும், உள்ளங்கையையும் உறுத்தும். மென்மையான தோல் உறை ஒன்று போதும்.

எடை 60 முதல் 90 கிராமுக்குள் இருக்கட்டும். நூறைத் தாண்டினால் சட்டைப்பை தொங்கும். இரண்டு வாரத்தில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்குவீர்கள்.

நான்காம் படி: அலகு. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

ஒரு கத்தி நன்றாக வெட்டுவதும் வெட்டாததும் முக்கால்வாசி அதன் குறுக்குவெட்டில் இருக்கிறது. அலகைக் குறுக்கே அறுத்தால் தெரியும் ஆப்பு வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே முதுகு, கீழே கூர். கூருக்குச் சற்று மேலே, தீட்டிய சரிவு தொடங்கும் இடத்தை நான் தோள் என்று சொல்வேன். முதுகின் தடிமன், தோளின் தடிமன், தீட்டிய கோணம். செய்பவரிடம் இந்த மூன்று எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றில் தோள்தான் முக்கியம். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தினசரி வெட்டு வேலைக்குத் தோள் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். என் முதல் கத்தியை வெர்னியர் வைத்து அளந்தபோது 0.8 மி.மீ. காட்டியது. கூர் என்னவோ சவரம் பண்ணுகிற அளவுக்கு இருந்தது. ஆனால் கூர் உள்ளே போனதும் பின்னால் வரும் தோள் பழத்தை இரண்டு பக்கமும் தள்ளியது. கொய்யா வெட்டுப்படாமல் பிளந்ததன் காரணம் அதுதான். எவ்வளவு தீட்டினாலும் அது மாறாது, ஏனென்றால் பிரச்சினை கூரிலேயே இல்லை.

முதுகு 2 முதல் 2.5 மி.மீ. போதும். 3 மி.மீ.க்கு மேல் போனால் காரணம் வேண்டும். முதுகிலிருந்து கூர் வரை நேராகச் சரியும் முழுத் தட்டைச் சாணைதான் என் தேர்வு. குழிச்சாணை, அதாவது உட்பக்கம் லேசாகக் குழிந்து வருவது, மெல்லிய பொருளுக்கு அருமையாக வெட்டும். ஆழமான அட்டையில் போகும்போது மேல்பகுதி இறுகும். வெளிப்பக்கம் லேசாகப் புடைத்த சாணை வலுவானது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர் கையில் அது அற்புதமாக வெட்டும், தெரியாதவர் கையில் மழுங்கலாகத்தான் வரும்.

தீட்டிய கோணம் பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி.

அலகின் வடிவத்தில் நான் மூன்றைத்தான் பரிந்துரைப்பேன். முதுகு நேராக வந்து கடைசியில் லேசாகக் கீழே இறங்கி, முனை நடுவில் நிற்பது ஒன்று. எல்லா வேலைக்கும் ஏற்றது. கூர் நேர்கோடாக இருந்து முதுகு வளைந்து முனையைத் தொடுவது இன்னொன்று. ஆட்டுக்கால் குளம்பு வடிவம் என்பார்கள். பார்சல் பிரிக்கவும் பென்சில் சீவவும் இதற்கு ஈடில்லை, முனை உள்ளிருக்கும் பொருளைக் குத்தாது. மூன்றாவது, ஈட்டி மாதிரி இரு பக்கமும் ஒரே சீராக வந்து முனையில் சேருவது. பழைய பேனாக்கத்திகளில் பார்த்திருப்பீர்கள். உளி மாதிரிக் கோணலாக வெட்டிய முனை படத்தில் மிடுக்காக இருக்கும். பழத்தட்டின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள், அதன் முனையைத் தவிர வேறெதுவும் தட்டைத் தொடாது.

இன்னொரு சின்ன விஷயம். கூர் பிடியைத் தொடும் இடத்தில் ஒரு சிறு பிறை வெட்டு கேளுங்கள். அது இருந்தால்தான் சாணைக்கல்லில் கூரின் கடைசி மில்லிமீட்டர் வரை தீட்ட முடியும். இல்லையென்றால் மூன்று வருடத்தில் அடியில் ஒரு தீட்டாத புடைப்பு மிஞ்சும்.

ஐந்தாம் படி: எஃகு

முதல் கேள்வி, துருப்பிடிக்கலாமா கூடாதா?

நம் வீட்டு இரும்பு அரிவாள்மனை ஞாபகம் இருக்கிறதா? வாழைக்காய் அரிந்தால் கறுக்கும், மாங்காய் அரிந்தால் நீலம் பாயும், ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் பூசியிருக்கும். ஆனால் ஒரு கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். கார்பன் எஃகு என்பது அதேதான். 1095 என்ற எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.95 சதவீதம், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. 52100 என்பது பால் பேரிங் செய்கிற எஃகு, நம் பட்டறைகளில் இஎன்31 என்ற பெயரில் புழங்குவது. இவை மெல்லிய கூரைத் தாங்கும், எளிதில் தீட்டலாம். துடைத்து வைக்கிற கைப்பழக்கம் இருப்பவருக்கு இவையே போதும்.

ஆனால் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்காற்று வீசும் ஊரில், வியர்வை ஊறும் சட்டைப்பையில் வைப்பவருக்கு நான் துருவேறாத வகையையே சொல்வேன். இரண்டு பெயர் போதும். சுவீடனில் தயாராகும் 14சி28என். ஏறக்குறைய 14 சதவீதம் குரோமியம், துருவை நன்றாகத் தாங்கும், வீட்டுக் கல்லிலேயே தீட்டலாம். இன்னொன்று ஏஇபி-எல். சவர பிளேடுக்காக உருவான எஃகு அது. அதன் துகள்கள் அவ்வளவு நுண்மையாக இருப்பதால் கூர் மெல்லியதாக நிற்கும். என் இரண்டாவது கத்தி இந்த எஃகுதான்.

செலவழிக்க மனமிருந்தால் மேக்னாகட். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்தது. உறுதி, துருத் தாங்கும் குணம், தேயாமை மூன்றையும் ஒரே எஃகில் கொண்டுவந்தது என்பதால் கத்தி செய்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். எம்390 என்ற எஃகில் கூர் நீண்ட நாள் நிற்கும். மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் தீட்டுவது பாடு, வைரத்தூள் பதித்த தகடு தேவைப்படும். டி2 என்ற எஃகு பற்றி எச்சரிக்கை: சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாகிவிடும். அதனால் அது முழுத் துருவேறாத எஃகு இல்லை. என் முதல் கத்தி டி2. ஒரு ஐப்பசி மழைக்காலத்தில், அலகு சுழலும் ஆணியைச் சுற்றி மிளகு தூவியது போல் துருப்புள்ளி விழுந்தது.

எஃகின் பெயரைவிடத் துவைச்சல் முக்கியம். காய்ச்சிக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிற அந்த வேலை சரியில்லை என்றால் எந்த எஃகும் வெறும் இரும்புதான். செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். துவைச்சல் நீங்களே போடுகிறீர்களா, வெளியே கொடுக்கிறீர்களா? வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின் உலை இருக்கிறதா? முடிந்த பிறகு கடினத்தை அளந்தீர்களா, எத்தனை எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு)? 14சி28என், ஏஇபி-எல் என்றால் 60 அல்லது 61 வந்தால் மகிழ்ச்சி. பழைய பாணிக் கார்பன் கத்தி 57, 58இல் இருந்தாலும் குறையில்லை. "நல்லா இருக்கும் சார்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

டமாஸ்கஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். இன்று அலையலையாகக் கோலம் தெரியும் கத்திகளில் பெரும்பாலானவை இரண்டு எஃகுகளை அடுக்கி, நெருப்பில் ஒட்டி, மடித்து அடித்தவை. பொதுவாக 1095உம் நிக்கல் கலந்த 15என்20உம். அமிலத்தில் நனைத்தால் முன்னது கறுக்கும், பின்னது வெள்ளையாக நிற்கும். பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் வேறு. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய உருக்கிலேயே பிறந்தது. அந்த உருக்கு இங்கிருந்து மேற்கே கப்பலேறியது. தமிழ்நாட்டில் மேல்சிறுவாளூரில் அப்படி உருக்கிய குகைகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. நமக்குப் பெருமை தரும் கதைதான், ஆனால் தினசரிக் கத்திக்கு அடுக்கு டமாஸ்கஸால் வெட்டுத்திறன் கூடாது. கண்ணுக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள், தோள் தடிமனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பூட்டா, ஸ்பிரிங்கா

ஸ்லிப்ஜாயிண்ட் என்பது தாத்தா காலத்துப் பேனாக்கத்தி அமைப்பு. முதுகில் ஒரு ஸ்பிரிங், அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடித்திருக்கும். பூட்டு கிடையாது. நன்றாகச் செய்த ஒன்றைக் கையில் எடுத்துத் திறந்து பாருங்கள். நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கும்போது ஸ்பிரிங் மெல்ல எழுந்து எதிர்க்கும். பாதியில், அலகு செங்குத்தாக நிற்கும் இடத்தில் ஒரு 'டக்'. மறுபடி இழுத்தால் கடைசியில் ஸ்பிரிங் பள்ளத்தில் விழும் இன்னொரு 'டக்', முன்னதைவிடக் கனமாக. அந்த இரண்டு சத்தமும் சுத்தமாக, உரசல் இல்லாமல் வந்தால் செய்தவர் தேர்ந்த கை. பாதி நிறுத்தம் அழகுக்காக மட்டும் இல்லை. மூடும்போது விரலை எடுக்க அது ஒரு கணம் அவகாசம் தருகிறது.

குத்தும் வேலைக்கு ஸ்லிப்ஜாயிண்ட் கூடாது, அலகு விரல்மேல் மடங்கும். அட்டைப்பெட்டியில் அழுத்திக் குத்துகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், சட்டமும் இடம் கொடுத்தால், பூட்டு கேளுங்கள்.

பூட்டுகளில் பின்பூட்டு, அதாவது பிடியின் முதுகில் அழுத்தி விடுவிப்பது, பழையது, நம்பகமானது. 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி அதை உலகப் பிரபலமாக்கியது. லைனர் லாக் அமைப்புக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் அமெரிக்கக் கத்தி செய்பவர் மைக்கேல் வாக்கர். பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பகுதி வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும். அதையே பிடியின் பக்கச்சுவராலேயே செய்தால் ஃபிரேம் லாக். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் அதைப் பிரபலப்படுத்தினார். ஜூலு மொழியில் செபென்சா என்றால் வேலை. டைட்டானிய ஃபிரேம் லாக் கேட்டால், அலகைத் தொடும் முனையில் எஃகுத் துண்டு பதிக்கச் சொல்லுங்கள். வெறும் டைட்டானியம் எஃகோடு ஒட்டிக்கொள்ளும், காலப்போக்கில் தேயும்.

ஒப்பினெலின் சுழல் வளையத்தையும் சொல்ல வேண்டும், 1955இல் வந்தது. அதைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. தனியாகச் செய்பவர்கள் ஏனோ அதை அதிகம் தொடுவதில்லை.

ஏழாம் படி: பிடி

மைகார்டா என் முதல் தேர்வு. துணியையோ தாளையோ பிசினில் ஊறவைத்து அழுத்தியது. ஈரக்கையில் வழுக்காது, மழைக்கு ஊதாது, பத்து வருடம் தொட்டுத்தொட்டு நிறம் கூடும். கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் அழுத்திய ஜி10 அதைவிடக் கெட்டி, கொஞ்சம் உயிரில்லாத உணர்வு.

மரம் வேண்டுமென்றால் பிசின் ஏற்றி நிலைப்படுத்தியதைக் கேளுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் ஊதி, சித்திரை வெயிலில் சுருங்கி, பிடியும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு எழும். எருமைக்கொம்பு அழகு, ஆனால் அதுவும் சுருங்கும், பூச்சியும் அரிக்கும்.

ஒரே ஒரு கண்டிப்பு. கடமான் கொம்பு, மான் கொம்பு, தந்தம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம், தானாக உதிர்ந்த கொம்பு என்று சொன்னாலும்.

எட்டாம் படி: ஆளைத் தேர்ந்தெடுத்து எழுதுவது

இங்கே மூன்று வகை இருக்கிறது. ஒருவரே எல்லாவற்றையும் கையால் செய்வது ஒன்று. பாகங்களை இயந்திரத்தில் வெட்டி, கடைசிச் சாணையும் பொருத்தலும் மட்டும் கையால் செய்வது இன்னொன்று. ஒருவர் வடிவமைத்து, தொழிற்சாலை செய்வது மூன்றாவது. மூன்றிலும் நல்ல கத்தி உண்டு. எது எது என்று ஒளிக்காமல் சொல்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மடக்குக் கத்தி செய்வது மடங்காத நிலைக்கத்தி செய்வதைவிடப் பல மடங்கு கடினம். சமையல் கத்தி அருமையாகச் செய்பவர் மடக்குக் கத்தியில் தடுமாறலாம். அவர் செய்த மடக்குக் கத்திகளின் படங்களை, மூடிய நிலையில் முதுகிலிருந்தும் வயிற்றிலிருந்தும் எடுத்துக் கேளுங்கள். பக்கவாட்டுப் படம் எல்லோரும் அழகாக எடுப்பார்கள். ஏற்கெனவே வாங்கியவர் ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். சிறு முன்பணம், வேலை தொடங்கும்போது ஒரு பகுதி, முடிந்த கத்தியின் படமும் அளவும் வந்த பிறகு மீதி. நல்ல கைக்குக் காத்திருப்பு உண்டு. மாதக்கணக்கில் ஆகலாம், பெயர் பெற்றவரிடம் வருடக்கணக்கிலும் ஆகலாம். தேதியை வாரம் ஒருமுறை கேட்டுத் துளைக்க வேண்டாம். ஆனால் மாதம் ஒரு பதில்கூட வராத ஆளிடம் பணம் கட்டவும் வேண்டாம்.

இரண்டாவது கத்திக்கு நான் எழுதிய கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். தினமும் சட்டைப்பையில் வைக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். வேலை: பார்சல், பழம், கயிறு. குத்துவதோ நெம்புவதோ இல்லை. மூடிய நீளம் 95 மி.மீ., அலகு 70 மி.மீ.க்குள். ஸ்லிப்ஜாயிண்ட், பாதி நிறுத்தத்தோடு. எஃகு ஏஇபி-எல், 60–61 எச்.ஆர்.சி. முதுகு 2 மி.மீ., முழுத் தட்டைச் சாணை, தோள் 0.3 மி.மீ.க்கு மிகாமல். பிடி பழுப்பு நிற மைகார்டா, கிளிப் வேண்டாம். எடை 70 கிராமுக்குள் வந்தால் நல்லது. இதில் எதையாவது மாற்றினால் கத்தி இன்னும் நன்றாக வரும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்."

கடைசி வரி முக்கியம். அவர் ஒன்றை மாற்றச் சொன்னார்: முதுகை ஆணிக்கு அருகில் 2.3 ஆக வைத்து முனையை நோக்கி மெலியவிடலாம் என்றார். திறக்கும்போது அலகு அசையாமல் இருப்பதற்கு அந்த 0.3 மி.மீ.தான் காரணம்.

ஒன்பதாம் படி: கைக்கு வந்ததும்

பெட்டியைப் பிரித்ததும் பழம் தேடாதீர்கள். முதலில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். ஸ்லிப்ஜாயிண்ட் என்றால் மூடிய நிலை, பாதி, திறந்த நிலை மூன்றிலும் முதுகை விரலால் தடவுங்கள். ஸ்பிரிங் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். திறந்த அலகின் முனையைப் பிடித்து இடமும் வலமும், மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. மூடினால் அலகு இரு சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மூடிய கத்தியின் வயிற்றுப்பக்கம் விரலைப் பட்டும் படாமலும் ஓட்டுங்கள். முனை இம்மியளவு வெளியே நீட்டினாலும் அது வேட்டி நூலையும் பை துணியையும் இழுக்கும், ஒரு நாள் விரலையும் கிழிக்கும். இந்த ஒரு குறைக்காகவே கத்தியைத் திருப்பி அனுப்பலாம்.

அப்புறம் செய்தித்தாள், தக்காளி, அட்டை, கொய்யா. இந்த வரிசையில்.

முதல் மூன்று மாதம்

ஆணியில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பழம் வெட்டிய கத்தியைத் துடைக்காமல் மடக்காதீர்கள். உள்ளே போன சாறு வெளியே வராது. வாரம் ஒருமுறை திறந்து வைத்து, ஒரு குச்சியில் துணி சுற்றி உள்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள். பைத்தூசு அவ்வளவு சேரும்.

பெயின்ட் டப்பா மூடி, ஸ்குரூ, இளநீர் மூன்றிலும் அலகை வைக்காதீர்கள்.

கூர் மங்கியதாகத் தோன்றினால் உடனே கல்லுக்குப் போக வேண்டாம். பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பத்து இழுப்பு, முதுகு முன்னே போகும்படி. பெரும்பாலும் அதிலேயே திரும்பிவிடும். அது போதாதபோதுதான் கல். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் கத்திரிக்கோலுக்கும் அது சரி, மெல்லிய அலகில் சூடேறினால் துவைச்சல் போய்விடும்.

கார்பன் எஃகு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஆயுத பூஜை அன்று கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் அல்லவா, அலகில் வைக்காமல் பிடியில் வையுங்கள். ஈரச் சந்தனம் இரவு முழுக்க அலகில் இருந்தால் காலையில் வட்டமாக ஒரு துருத்தடம் பதிந்திருக்கும், மெருகுத்தாள் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அலகில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், வைப்பதற்கு முன் அந்த இடத்தில் எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியாகவே பூசிவிடுங்கள்.